பூஜைக்கு நிரப்பிய ஆப்பர்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஐந்து பேருக்கும் ஒரே சட்டியில்தான் சோறு. இன்றைக்கு ஆளுக்கொரு ஊரில் நன்றாக இருக்கிறார்கள். நான் தீவன மில்லில் சாக்குத் தைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாக்கும் தைத்தேன்தான். ஆனால் என் வேலை அதுவல்ல. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும்.

லாரியோடு போன என் வீட்டுக்காரர் திரும்பி வராத வருஷம், எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித்தீவன மில்லில் சேர்ந்தேன். அரைத்த சோளம், தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் கலந்த மாவு ஒரு பெரிய தகரத் தொட்டியில் கிடக்கும். மேலே அகலம், கீழே வரவரக் குறுகி, ஒரு சாக்கு வாய் அளவுக்கு ஒரு முகம். முகத்தை ஒரு தகடு மூடியிருக்கும். அந்தத் தொட்டியைத்தான் ஆப்பர் என்போம். தகட்டை இழுத்துவிட்டுச் சாக்கைப் பிடிப்பது நான். மேலே தளத்தில் நின்று மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவது இன்னொருவர்.

அரவை மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அதனால் நாங்கள் தகரத்தில் தட்டிக்கொள்வோம். மேலிருந்து இரண்டு தட்டு வந்தால் கொட்டப் போகிறார், முகத்தை மூடு என்று அர்த்தம். நான் ஒரு தட்டுத் தட்டினால் மூடிவிட்டேன் என்று அர்த்தம். நாலு வருஷம் இப்படி. அவருடைய முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. காலையில் நான் வருமுன் ஏணி ஏறியிருப்பார், மத்தியானச் சோற்றை மேலேயே தின்பார். அவருக்கும் குடும்பம் இருந்தது. சில நாள் வேலை ஓய்ந்த நேரத்தில் காரணமில்லாமல் ஒற்றைத் தட்டு ஒன்று வரும். நானும் ஒன்று தட்டுவேன். அவ்வளவுதான். கருவாட்டு வாடைக்குப் பயந்து டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். கூட்டமான பஸ்ஸிலும் அந்த இருக்கை காலியாகத்தான் ஊர் வரைக்கும் வரும். அப்படி இருந்தவளுக்கு அந்த ஒரு தட்டு பெரிசு.

தட்டித் தட்டித்தான் மாவைப் படித்தேன். மாவு நிறைந்த இடத்தில் தகரம் பொத்தென்று சத்தம் போடும். காலியான இடத்தில் டங்கென்று போடும். சில நேரம் கீழே டங், அதற்கு மேலே பொத். அப்படியென்றால் மாவு நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, அடியில் வெற்றிடம் விட்டு நிற்கிறது. கூடு கட்டிவிட்டது என்போம். அப்போது கொட்டாப்புளியால், அதுதான் பெரிய மரச் சுத்தியலால், வெளியே அடிக்கக் கூடாது. கடையில் மாவு வாங்கும்போது படியைத் தரையில் நாலு தட்டுத் தட்டினால் மாவு அமுங்கி இன்னொரு பிடி ஏறும் அல்லவா? அப்புறம் அதைக் கவிழ்த்தாலும் விழாது, விரல் விட்டுத் தோண்ட வேண்டும். ஆப்பரும் அப்படித்தான். அடிக்க அடிக்க இறுகும். முகத்தின் வழியே நீளக் குச்சியை விட்டு ஓரத்திலிருந்து சுரண்ட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆயுத பூஜைக்கு ஆப்பரை விளிம்பு வரை நிரப்பி வைப்பது மில்லில் வழக்கம். பண்டிகை நாளில் தொட்டி காலியாகக் கிடந்தால் வருஷமெல்லாம் காலியாகக் கிடக்கும் என்று முதலாளி வீட்டில் ஒரு நினைப்பு. நிரப்பி, தகரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். பூஜைக்கு நான் போவதில்லை. தாலி இல்லாதவள் முன்னால் நின்றால் முகம் சுளிப்பார்கள் என்று நானே தள்ளிக்கொண்டேன்.

அந்த வருஷம் பூஜையோடு மழையும் சேர்ந்துகொண்டது. நாலு நாள் மில் திறக்கவில்லை. ஈரக்காற்றில், தன் பாரத்தில் தானே அமுங்கி, அவ்வளவு மாவும் அப்படியே கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை, அரவை மிஷின் போடுமுன், தகட்டை இழுத்தேன். எட்டு மூட்டை இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே ஒரு முழம் வரைக்கும் டங். அவ்வளவு பெரிய கூட்டை அதற்கு முன் நான் கேட்டதில்லை. குச்சியை விட்டால் எட்டவில்லை. அதற்குள் மேஸ்திரி வந்து கொட்டாப்புளியால் இருபது அடி அடித்துவிட்டார். பிறகு மேலே பார்த்துக் கத்தினார்.

"உள்ள எறங்கி நாலு மிதி மிதிப்பா! தானா எறங்கும்."

குச்சியைப் போட்டுவிட்டு அவர் பக்கம் ஓடினேன்.

"ஏனுங்க மேஸ்திரி, எறங்கச் சொல்லாதீங்க. அடியில மாவே இல்லீங்க. கூடு கட்டி நிக்குது. ஆளோட சேந்து உள்ள போயிருமுங்க."

"அட, ஆப்பருக்கு நாடி புடிச்சுப் பாத்துட்டியா? மேல போயிப் பாரு, களத்து மேடாட்டம் கெடக்குது."

சாக்குத் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "அக்கா ஒரு தாலாட்டுப் பாடட்டுமுங்க, எறங்கி வந்துரும்" என்றான் ஒருவன்.

மேலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "காலு வெச்சுப் பாத்தேனுங்க அம்மணி. கெட்டியாத்தான் இருக்குது."

"ஓரத்துல வெச்சிருப்பீங்க. நடுவுல வெக்காதீங்கண்ணா!"

மேஸ்திரி அவரைப் பார்த்து, "பொம்பள பேச்சைக் கேட்டுட்டு நிக்கற ஆளா நீ?" என்றார். அந்தச் சொல்லுக்கு எந்த ஆணும் நிற்க மாட்டான். அவர் வேட்டியை மடித்துக் கட்டுவது தெரிந்தது.

சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அந்த ஏணியில் பெண் யாரும் ஏறியதில்லை. "பூஜை முடிஞ்ச மொத நாளு, போயும் போயும் நீ ஏறி நிக்கறயே" என்றார் மேஸ்திரி. அது எனக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. இறங்கவில்லை.

மேலே மாவு சமமாக, வெறும் தரைபோலத்தான் கிடந்தது. பார்த்தால் யாரும் இறங்குவார்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே தொங்கவிட்டிருந்தார்.

"அண்ணா, நீங்க எறங்கறதுக்கு முன்னால ஒரு மூட்டையைத் தூக்கி நடுவுல போடுங்க. அது நின்னா நீங்களும் நில்லுங்க."

அவர் காலை வெளியே எடுத்தார். எழுந்து ஒரு முழு மூட்டையைத் தூக்கி நடுவில் போட்டார்.

மூட்டை நின்றது. அசையவில்லை. கீழே சிரிப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது. "போதுமா ஆத்தா?" என்றார் மேஸ்திரி. அப்போது என்னைவிட அசிங்கப்பட்டவள் நாமக்கல் வட்டாரத்தில் இல்லை. காது தப்பாகச் சொல்லிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். அவர் மறுபடி விளிம்பில் கை வைத்தார்.

"இன்னொண்ணு" என்றேன். "இன்னொரே ஒண்ணுங்கண்ணா."

பாவம் பார்த்துப் போட்டாரோ, நம்பிப் போட்டாரோ தெரியாது. இரண்டாவது மூட்டை முதல் மூட்டையின் மேல் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்பதற்குள் தரை இல்லை. உம்மென்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தளம் ஆடியது, மாவுப் புழுதி எங்களை மூடியது. புழுதி அடங்கிப் பார்த்தபோது நடுவில் ஒரு பள்ளம். சுற்றியிருந்த மாவு அதற்குள் சரிந்துகொண்டே இருந்தது. இரண்டு மூட்டையில் ஒன்றின் நுனிகூடத் தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும் மாவை இறக்கித்தான் அவற்றை எடுத்தார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மேலே இருந்தவர் சாயங்காலம்தான் இறங்கி வந்தார். அன்றைக்குத்தான் என் எதிரில் வந்து நின்றார். என்னைவிடக் குட்டை. கண் இமையெல்லாம் தவிடு.

"அம்மணி, நாளையில இருந்து நான் வரமாட்டேனுங்க. ஊட்ல சொன்னா விடமாட்டாங்க. சொல்லாம இருக்கவும் என்னால முடியாது."

"வராதீங்க" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னேன்.

"நீங்க?"

"நான் கீழ நிக்கற ஆளுங்க. என்மேல எதுவும் விழுவாது."

"அப்ப, போயிட்டு வாரேனுங்க" என்று போனார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டியில் சேர்ந்து வடக்கே போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். அவ்வளவுதான் தெரியும்.

அடுத்து வந்தவனுக்குத் தட்டத் தெரியாது. சொல்லிக்கொடுத்தும் பார்த்தேன். அவன் கம்பியில் சிவப்புத் துணி கட்டி ஆட்டினான், கொடி காட்டுவதுபோல. வேலை நடந்தது, குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷப் பூஜைக்கு முன்னால் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன், ஆப்பரைக் காலி பண்ணிவிடுங்கள், ஒரு மரக்காலில் மாவை நிரப்பி அதற்குப் பொட்டு வையுங்கள், அதுவும் நிறைந்ததுதானே என்று. சரி என்றார். அப்படியே நடந்தது. பதினோரு வருஷம் அங்கே நின்றேன். ஒரு ஆள்கூட உள்ளே இறங்கவில்லை.

ஒரு ஆளைக் காப்பாற்றினேன், அதனாலேயே அந்த ஆள் இல்லாமல் போனார். அவர் போகாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் ஆப்பரடியில் நின்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டும் இருக்கிறேன். இரண்டையும் எழுதிவிட்டேன். இனி ஊரிலிருந்து வந்திருக்கும் பேரனைக் கூப்பிட வேண்டியதுதான்.

சாமி, இங்க வா. இதை மொதல்ல இருந்து சத்தமாப் படி. அந்த மனுசனைப் பயந்தாங்கொள்ளின்னு யாராச்சும் நெனைக்கற மாதிரி எங்கியாச்சும் எழுதிட்டேனான்னு நான் கேட்டுப் பாக்கோணும்.