ஏழுமலை மாமா வீட்டு உயரம்

வெயிலில் காயும் பழைய தாரும், பக்கத்துத் தோப்பின் முந்திரிப் பூவும் கலந்த ஒரு வாசனை... முதல் வேலை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

வடலூர் பக்கம் பல வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு சின்ன ரன்வே. வெடிப்புகளில் புல். நடுவில் ஆடுகள். அதைச் சரிசெய்து சின்ன விமானங்கள் விடப்போகிறார்கள் என்று, சுற்றியிருக்கும் வீடு, மரம், டவர் எல்லாவற்றின் உயரத்தையும் அளக்கும் வேலை ஒரு தனியார் கம்பெனிக்கு வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த சர்வேயர் நான். தினமும் சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக முதல் பஸ். பையில் புளிசாதம், தலையில் அப்பாவின் தொப்பி, மனசில் மட்டும் பைலட் நினைப்பு!

வேலை இதுதான். விமானம் இறங்கி வரும் பாதைக்குக் கீழே சாய்வாக ஒரு கூரை போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத கூரை. எதுவும் அதைக் குத்திக்கொண்டு மேலே நீட்டக் கூடாது. நீட்டினால் நோட்டீஸ்.

ஆன்டெனாவோ தண்ணீர் டேங்க்கோ, எது உச்சியில் இருக்கிறதோ அதைக் குறி என்றது விதிப் புத்தகம். நானும் கருவியில் கண்ணை வைத்து, உச்சி உச்சியாகக் குறித்துத் தள்ளினேன். "பரிமளா கைக்கு ஸ்பீடு ஜாஸ்திப்பா" என்று கூட வேலை பார்த்த ராஜவேல் கிண்டல் பண்ணுவான். எனக்கோ ஒரே பெருமை.

ரெண்டு மாசம் கழித்து ஒரு மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏழுமலை. குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலையிலிருந்து ரிட்டயராகி, ரன்வேக்குக் கிட்டே வீடு கட்டிக்கொண்டிருந்தவர். அளக்கப் போன அன்றே எனக்கு மாமா ஆகிவிட்டவர்.

"ஏம்மா, எங்க வூட்ட அளந்தது நீதான?"

"ஆமா மாமா. இன்னா ஆச்சு?"

நோட்டீசை நீட்டினார். வீடு ஒன்றரை மீட்டர் அதிக உயரம், மேல்தளத்தை இறக்க வேண்டும் என்று இருந்தது.

"எங்க வூட்டு ஒசரம் எம்மாம்னு எனக்குத் தெரியாதா? கொத்தனாரு கூட நின்னு டேப்பு புடிச்சதே நான்தான். மாடி ரூமு எம் பொண்ணுக்கும் மாப்ளைக்கும்மா. கல்யாணத்துக்கப்புறம் எங்க கூடவே இருக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஆவணில கல்யாணம். அவுங்க கிட்ட நான் இப்ப இன்னான்னு போய் சொல்லுவேன்?"

குரலை உயர்த்தவே இல்லை மனுஷன்.

டப்பாவை மூடிவிட்டு அவர் பின்னாலேயே போனேன். மொட்டைமாடியில் நீளமாக ஒரு மூங்கில். அதன் உச்சியில் வைக்கோல் அடைத்து, மீசை வரைந்த சட்டித் தலையோடு திருஷ்டி பொம்மை. உடம்பில் மாமாவின் பழைய கம்பெனி யூனிபார்ம்.

நான் அளந்து வைத்திருந்தது அதன் தலையை!

வெளிமாநிலத்துக்காரர் யாராவது அளந்திருந்தால், இது என்னப்பா என்று கேட்டிருப்பார். நமக்கு அப்படியா? கட்டுகிற வீடு என்றால் பொம்மை இருக்கும், அவ்வளவுதான். பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அதையும் வீட்டோடு சேர்த்துக் குறித்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் கழற்றி எறியப்போகிற பொம்மைக்காக ஒரு மாடியையே இடிக்கச் சொல்லியிருக்கிறேன்... இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நேராக ராஜவேலிடம் ஓடினேன்.

"இன்ஸ்ட்ருமென்ட் எர்ரர்னு எழுதி இந்த ஒரு வூட்ட மட்டும் மாத்திவுடு. யாரு கேக்கப் போறா? ஒனக்கு வேலையே இன்னும் பர்மனென்ட் ஆவல" என்றான் ராஜவேல். நல்லதுக்குத்தான் சொன்னான். ஆபீஸுக்கு பஸ்ஸில் போகும்போது நானும் அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன்.

மஞ்சக்குப்பம் ஆபீஸில் எங்கள் மேலதிகாரி முன்னால் நின்றதும் எல்லாம் மறந்து போச்சு. பொய் சொல்லப் போனால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அழுதுகொண்டே நடந்ததைக் கொட்டிவிட்டேன்.

சார் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பக்கம் கட்டிக்கிட்டு இருக்கற வீடு இன்னும் எத்தன இருக்கு?"

சுருக்கென்றது. அது வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை.

நாலு நாள் மறுபடி அளந்தேன். இன்னும் ரெண்டு வீட்டில் அதே பொம்மை, அதே தப்பு. மூன்று நோட்டீசும் வாபஸ். என் பர்மனென்ட் ஆறு மாசம் தள்ளிப்போனது. மாமா பொண்ணு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று தரம் பாயசம் வாங்கினேன், அது வேறு விஷயம்.

இப்போது சென்னையில் அதே துறையில்தான் இருக்கிறேன். விமான நிலையங்களுக்கான பாதுகாப்பு விதிகளைப் புதுப்பிக்கிறார்கள். வரைவை அனுப்பிக் கருத்து கேட்டிருக்கிறார்கள். நல்ல வரைவு, நிஜமாகவே. அன்று நான் வாரக்கணக்கில் அலைந்து அளந்ததை இன்று ட்ரோன் ஒரு காலையில் அளந்துவிடுகிறது. ஒவ்வொரு உச்சிக்கும் போட்டோ இருக்கிறது. தற்காலிகமாக நிற்பதைத் தனியாகக் குறிக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள். நான் பண்ணின தப்பை இனி யாரும் பண்ண முடியாது. ஆனால் அளக்கிறவர் முகம் வீட்டுக்காரருக்குத் தெரியாது, வீட்டுக்காரர் முகம் அளக்கிறவருக்குத் தெரியாது.

நான் ஒரு வரிதான் சேர்க்கச் சொல்லி எழுதினேன். நோட்டீஸ் போகுமுன் ஓர் ஆள் நேரில் போய், வீட்டுக்காரரிடம் அளவைச் சொல்லிப் பேச வேண்டும்.

"கேக்கறவங்க எப்படியும் வந்து கேப்பாங்க, இதுக்கு எதுக்குடி ஒரு விதி?" என்றாள் பக்கத்து சீட் தோழி.

மாமா வந்து கேட்டார், சரி. அந்த மூன்றாவது வீட்டுக்காரர் வரவில்லை. திரும்ப அளக்க நான் போனபோது, மாடிச் சுவரில் பாதியை அவரே இடித்துப் போட்டிருந்தார். ஏங்க, ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதா என்றேன். கையில் இருந்த கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"நீங்க மிஷின் வச்சு அளந்தீங்களேம்மா... நாந்தான் தப்பா கட்டிட்டேன்னு நெனச்சேன்."