காளியாயியின் காம்பரா

காளியாயி அதிகம் பேசுகிறவள் அல்ல. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். பகலில் அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டது நான். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பராமரிப்புப் பயிற்சி பெற்று வேலை செய்தவள் நான். கூடையை இறக்கிவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கும்போது, "அழுதுச்சா அக்கா?" என்பாள். அவ்வளவுதான்.

அணைக்கட்டு விவகாரம் வந்த பிறகுதான் அவள் குரல் வெளியே கேட்டது. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டப் போகிறார்கள், கீழ்ப்பிரிவு முழுவதும் தண்ணீருக்குள் போகும் என்று அளக்க வந்தவர்கள் சொன்னார்கள். காணிக்கு உறுதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு மாற்றுக் காணி உண்டு. எங்களில் ஒருவரிடமும் பத்திரம் இல்லை. காட்டை வெட்டித் தேயிலை வைத்தவர்கள் எங்கள் பாட்டன்மார், ஆனால் நிலம் கம்பனியின் கையில். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக் காம்பராகூட, செக்ரோல் என்னும் தோட்டத்து வேலையாள் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான்.

"தனித்தனியாப் போனா ஒவ்வொருத்தரா வெளிய தள்ளிருவாங்க. மொதல்ல எல்லாருக்கும் காணி எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் அணையப் பத்திப் பேசட்டும்" என்றாள் காளியாயி. கீழ்ப்பிரிவு அதை ஏற்றுக்கொண்டது. எந்தக் குடும்பமும் தனியாகச் சம்மதிப்பதில்லை என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்தோம். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய், தட்டில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் சத்தியம். தட்டைப் பிடித்து நின்றவர் கோயில் தலைவர் வீரய்யா, காளியாயியின் கணவர். அவரே ஒவ்வொருவருக்கும் புதுச் சூடம் வைத்துக் கொளுத்தினார். காளியாயி கையைத் தேவைக்கு மேல் அழுத்திவிட்டாள். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்துவிட்டது. குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையை நனைத்து, மருந்து போட்டுக் கட்டினேன். மறுநாள் அந்தக் கட்டோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள்.

அடுத்த வாரம் டவுன் மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். கடைக்காரர்கள் மின்வெட்டுத் தொல்லை தீரும் என்றார்கள். மலையைக் குடைந்தால் மண்சரிவு வரும் என்றார் கொழும்பிலிருந்து வந்த ஒருவர். இரண்டு பக்கமும் சத்தம். காளியாயி எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"வெளிச்சம் எல்லாருக்கும் வேணுங்க, வேணாங்கல. எங்க வீட்ட முக்கித்தான் வரணும்னா, மேட்டுல எங்களுக்குக் காணி எழுதிக் குடுத்துட்டு முக்குங்க."

கைதட்டல் அடங்கியதும், சம்மதிக்கிற தரப்பில் யாராவது பேசுகிறீர்களா என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி கேட்டார். எங்கள் வரிசையிலிருந்தே வீரய்யா எழுந்து போனார்.

"நான் கோயில் தலைவரு. எனக்கு ரோட்டோரமா வீடு தாரதாச் சொல்லியிருக்காங்க. கோயிலையும் கட்டித் தருவாங்க. என் குடும்பம் சம்மதிக்குதுங்க."

பின்னாலிருந்து எங்கள் லயத்து மூக்கன் கத்தினான். "யோவ் தலைவரே, சூடம் அடிச்ச கையத் தூக்கிக் காட்டுய்யா!"

"நான் எங்கடா அடிச்சேன்? தட்டத்தானடா பிடிச்சேன்!" என்றார் வீரய்யா, மைக்கிலேயே.

உண்மைதான். தட்டைப் பிடித்திருந்தவர் அடிக்கவில்லை. அத்தனை பேர் நின்றோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

காளியாயி உட்காரவில்லை. "காம்பரா எனக்குக் குடுத்தது. செக்ரோல்ல இருக்கிறது என் பேரு. அவரு தோட்ட வேலைய விட்டு எத்தனையோ வருசமாச்சு. அவரு எப்படிங்க சம்மதிப்பாரு?"

"குடும்பத் தலைவர் அவர்தானேம்மா, அவர் சொன்னால் போதும்" என்றார் அதிகாரி.

அன்று மாலை கட்டு மாற்ற அவள் வீட்டுக்குப் போனேன். என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"ஒனக்கும் சேத்துத்தான் புள்ள கேட்டேன்" என்றார் அவர். "எப்படியும் எல்லாரும் போகத்தான் போறாங்க. முந்திப் போறவனுக்குத்தான் நல்ல எடம்."

"என் கை வேகையில மூஞ்சிக்கு நேரா நின்னீங்களே. அப்பவே பேசி முடிச்சாச்சா?"

வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். காளியாயி மற்றக் கையில் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள்.

அதற்குப் பிறகு சத்தியம் நிற்கவில்லை. தலைவர் வீடே போன பின் நமக்கு என்ன என்று ஒவ்வொரு குடும்பமாகச் சம்மதித்தது. பழி மட்டும் காளியாயி தலையில். காலைப் பெரட்டில், கங்காணி வேலை பிரிக்கும் இடத்தில், பிரியந்தி அவள் காதுபடச் சொன்னாள்: "பொண்டாட்டி எதுத்துப் பேசுவாளாம், புருசன் வீடு வாங்குவாராம். நல்லாப் பேசி வச்சிருக்காங்கடி." பிரியந்தி அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். கணவன் செய்ததைத் தாங்கிக்கொண்டவள் இதற்குத்தான் அழுதாள். நான் ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுத்தேன். வேறு மருந்து என்னிடம் இல்லை.

அந்த வாரமே ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய், தன் காம்பராவை இன்னொருவர் விட்டுக்கொடுக்க முடியாது என்று தொழிற்சங்கம் மூலம் ஆட்சேபனை கொடுத்தாள். துணைக்குப் போனவள் நான் ஒருத்திதான். விசாரணை இன்னும் முடியவில்லை.

ஆட்சேபனை கொடுத்த நாளிலிருந்து வீரய்யா வட்டவளையில் தன் தம்பி செல்லசாமி வீட்டில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். காளியாயி வாசற்படியில் தட்டு வைத்துச் சோறு போட்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அந்த ஆட்சேபனைய வாபஸ் வாங்கு புள்ள" என்றார். "ஒன்னாலதான் என் வீட்டயும் நிறுத்தி வச்சிருக்காங்க."

"கொழம்பு போதுமா?" என்று கேட்டாள் காளியாயி.