அப்பா உடம்புக்கு என்ன?

என் மகன் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அது புதுசு. "பையனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைக்குப் போகிற வழியில் ரெண்டு பேர் கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான், இதே கேள்வியை ஏழு வயதில் நானும் கேட்டது நினைப்புக்கு வந்தது. என் படிப்பு அஞ்சாவதோடு சரி. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. நாங்கள் திருநள்ளாற்றில் இருந்தோம். அப்பா ஒரு நெல் மில்லில் கணக்கு எழுதினார். முதலாளி அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் "ஏய் கணக்கு" என்றுதான் கூப்பிடுவாராம். அவர் உள்ளே வந்தால் அப்பா எழுந்துவிட வேண்டும். அவர் போகிற வரைக்கும் நின்றுகொண்டேதான் எழுத வேண்டும். ஒரு நாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்து, "இனிமே போறதில்லை" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வீட்டிலேயே எள் முடிச்சு கட்ட ஆரம்பித்தார். கறுப்புத் துணியில் கொஞ்சம் எள்ளை வைத்து நூலால் கட்டுவது. அதை நல்லெண்ணெயில் நனைத்து சனி பகவானுக்கு விளக்கேற்றுவார்கள். கோயில் வாசல் கடைக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஆனால் மில் பழக்கம் அப்பாவை விடவில்லை. காலையில் குளித்து, சட்டை போட்டு, தலை சீவி, செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்திலிருந்து பின்கட்டுக்குக் கிளம்புவார். பத்து எட்டுதான். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காருவார். அப்புறம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது.

"என்னக்கா, இன்னைக்கும் அண்ணன் மில்லுக்குப் போகலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி தினமும் கேட்பாள்.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லை" என்பாள் அம்மா. ஒரு மாதம் இதையே சொன்னாள்.

நான் நம்பிவிட்டேன். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், சுடாது. இருமலும் இல்லை. அதோடு எள் கட்டிக்கொண்டே பாட்டு வேறு பாடுவார். பாட்டுப் பாட வைக்கிற வியாதியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"உடம்புக்கு என்னப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. முதுகு இப்பத்தான் நேராயிட்டு வருது" என்றார். சரி, முதுகுவலி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மில்லில் இருந்தபோதே அக்காவுக்குப் பக்கத்து ஊரான பட்டினத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. விஷயம் அங்கே எட்டி, மாப்பிள்ளையின் அம்மா ரெண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நேரே பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. மில் கணக்குப்பிள்ளை வீட்டுப் பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம். எள்ளு கட்டுறவர் பொண்ணுன்னா எங்க சனம் சிரிக்கும். முதலாளி கைல கால்ல விழுந்தாவது மறுபடியும் சேர்ந்துடுங்க. அப்புறம் நாள் பார்ப்போம்."

அம்மா அப்பாவையே பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"சரிங்க. நாளைக்கே போய்க் கேக்குறேன்" என்றார். சொல்லும்போது நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "முறத்துலேருந்து ஒரு முடிச்சு எடுத்துட்டுப் போய் அந்த அம்மா கையில கொடு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எள்ளைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் நம்மைப் பிடித்த சனி வாங்குகிறவரிடம் போய்விடும் என்பார்கள். கீழே வைத்தால்தான் எடுப்பார்கள். கடைக்காரர்கள்கூட அப்படித்தான்.

"கையில கொடுக்கலாமாக்கா?"

"அவங்க ஊர்ல வாங்கிப்பாங்க. போடி."

போனேன். கைக்குள் மூடி வைத்திருந்ததால் அவருக்கு என்னவென்று தெரியவில்லை. "என்னடி தங்கம் கொண்டாந்திருக்கே?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். வைத்துவிட்டேன்.

நெருப்பை உதறுவது மாதிரி உதறினார். "சம்பந்தம் பேச வந்த இடத்துல சனியைக் கையில கொடுத்து அனுப்புறீங்களா? எந்திரிங்கடி, போவோம்!" வாசலில் வைத்திருந்த தண்ணீரில் மூன்று தடவை கையைக் கழுவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா என்னை முதுகிலும் காலிலும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "யாருடி சொல்லிக் கொடுத்தது?"

"அக்காதான்!"

அக்கா வெளியே வந்தாள். "ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

எனக்கு அழுகையே நின்றுவிட்டது. சின்னவளுக்கே இவ்வளவு என்றால், பெரியவளுக்கு என்ன கிடைக்கப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, வந்தவர்களுக்காகக் கிண்டியிருந்த கேசரியைத் தானே ஒரு தட்டில் வைத்து அக்காவிடம் நீட்டினார். "சாப்பிடு" என்றார். அக்கா அதைச் சாப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். முந்திரியெல்லாம் அவள் தட்டில்தான் இருந்தது.

கொடுத்தவளுக்கு அடி, கொடுக்கச் சொன்னவளுக்குக் கேசரி. இது என்ன நியாயம் என்று ரெண்டு நாள் நான் அக்காவோடு பேசவே இல்லை.