நாலு கொம்புச் சாரன்

செய்த பொருள் நன்றாக இருந்தால் போதாதா, அதைச் செய்தவர் யாரென்று ஊர் அறியத்தான் வேண்டுமா? மருதமுனை நாச்சியாவின் வாழ்க்கை கேட்டது இதைத்தான். அவரைப் புகழுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கணவர் மவுத்தான பிறகு மூன்று தறிகளை அவரே நடத்தினார். அவற்றில் நெய்த சாரன்களை, அதாவது கைலிகளை, வாங்கியவர் கல்முனைக் கடைக்காரர் ஜவுபர் முதலாளி. எவர் நெய்தாலும் முதலாளி தன் மான் லேபலை ஒட்டித்தான் விற்பார். 1954இல் நாச்சியா, இனித் தன் சாரனில் தன் லேபல்தான் என்றார்.

"யானை, சிங்கம், மயில் எல்லாத்துக்கும் ஆளிரிக்கி புள்ள. பூனைதான் மிச்சம்" என்று முதலாளி சிரித்தார்.

நாச்சியா நேரே பெனடிக்கின் அச்சுக்கூடத்துக்குப் போனார். பெனடிக் ஒரு படப் புத்தகத்தை விரித்தார். ஒரு பக்கத்தில் நாச்சியாவின் விரல் நின்றது. மாடு போல் கனத்த உடம்பு. கண்ணுக்கு மேல் இரண்டு சிறு கொம்பு, பின்னால் அகன்று விரிந்த இரண்டு பெருங்கொம்பு.

"அது சிவதீரியம் அக்கா. ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தக்கார மிருகம். இப்ப எங்கயும் இல்ல, எலும்புதான் கிடைச்சிரிக்கி."

"அப்ப உரிமை கேட்டு ஆரும் வரமாட்டாங்க. அடிங்க தம்பி."

ஜவுபர் கொள்முதலை நிறுத்தினார். செத்த மிருகத்தை உடுத்தால் தரித்திரம் என்றார். சிவன் பெயரில் ஒரு முஸ்லிம் பெண் வியாபாரம் செய்கிறாள் என்றும் கதை பரப்பினார்.

"பேர் வெச்சவன் வெள்ளக்காரன், செத்தது மிருகம். நெசவு மட்டும்தான் என்ட" என்றார் நாச்சியா.

சாரன் மூட்டையை பஸ்ஸில் ஏற்றி, கடலோர ஊரான திருக்கோவிலுக்குப் போனார். முதலில் மூட்டை அப்படியே திரும்பியது. இரண்டு தறிகள் நின்றன.

"மானையே ஒட்டினா என்ன ராத்தா?" என்று தங்கை றபீக்கா அழுதார்.

"ஒட்டலாம். நெய்யிறதையும் மானே நெய்யட்டும்."

பிறகு திருக்கோவிலில் சிலர் வாங்கி உடுத்தார்கள். உப்புத் தண்ணீரிலும் சாயம் போகாததைக் கண்ட மீனவர்கள் 'நாலு கொம்பு' கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். மூன்றாம் வருடம் கல்முனையிலும் அதையே கேட்டார்கள். ஜவுபர் நேரில் வந்தார்.

"சரி புள்ள, நீ வெண்டிட்டாய். உன்ட லேபலோடயே அனுப்பு. மானை எடுத்துப்போட்டு முன்னுக்கு அடுக்கிறன்."

"அனுப்புறன் முதலாளி."

அடுத்த கிழமை ஜவுபர் கடைக்கு மூட்டை வந்தது. நெசவில் குறையில்லை. ஒரு சாரனிலும் லேபல் இல்லை. திருக்கோவிலுக்குப் போன மூட்டையில் எல்லாவற்றிலும் இருந்தது. பெனடிக் காரணம் கேட்டார், றபீக்கா கேட்டார். நாச்சியா ஒருவருக்கும் சொல்லவில்லை. கடைசிவரை ஜவுபர் கடைக்கு மட்டும் வெறும் சாரனே போனது. 'நாலு கொம்பு' கேட்டு வந்தவர்களிடம், இது நாச்சியா நெய்தது என்று ஜவுபரே தன் வாயால் சொல்லித்தான் விற்க வேண்டியிருந்தது.