ரெய்னர்ஸ் லேனில் ரயிலேறி அமெரிக்காவில் மாமாவைத் தேடிய செவ்வாய்க்கிழமை

லண்டனில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் ஒக்ரோபர் மாதம் ஒரு கடித உறை தருவார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் நவம்பர் முழுவதும் அவர்களுக்காகப் பூசையில் மன்றாடுவார்கள். அம்மா வருடம் தவறாமல் எழுதுவார். அவருடைய தாய், தகப்பன், பிறகு என் அப்பா என்று எழுதிவிட்டு, நடுவில் ஒரு வரியை வெறுமையாக விடுவார். அது அவருடைய அண்ணன் அருளப்புவின் இடம்.

அருள் மாமா இளவயதில் கப்பல் வேலைக்குப் போய் அமெரிக்காவில் தங்கிவிட்டவர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அவருடைய கடிதங்களும் விலாசமும் வீட்டோடு போயின. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. “உயிரோட இருக்கிற மனுசனை நான் எப்பிடி அந்த லிஸ்டிலை எழுதுறது? செத்திருந்தா எழுதாமல் விடுறதும் பிழையெல்லே?” என்பார் அம்மா. போன ஒக்ரோபரில் உறை வந்ததும், “எனக்கும் எழுபத்தொன்பது ஆச்சு. இந்த முறை அந்த வரிக்கு ஒரு முடிவு பார், பிள்ளை” என்றார்.

மூன்று வாரமாக வீட்டிலிருந்தே இணையத்தில் தேடி ஒன்றும் கிடைக்காததால், ஒரு நாள் லீவு போட்டு, மத்திய லண்டனில் குடும்ப வரலாறு தேடுவோருக்கென்று கணினிகள் வைத்திருக்கும் நூலகம் ஒன்றுக்குப் போக முடிவு செய்தேன். தானும் வருவேன் என்று அம்மா சப்பாத்தைக் காலில் மாட்டிவிட்டார்.

ரெய்னர்ஸ் லேன் நிலையத்துக்கு 8.56க்கே போய்விட்டோம். முதியோருக்கான இலவச பாஸ் வார நாட்களில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும். வாசலை மறித்து நின்றபடி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “நாப்பது வருசம் காத்திருந்தனான், நாலு நிமிசம் நிக்க ஏலாதோ?” 9.04 மெட்ரோபொலிட்டன் ரயில். பேக்கர் ஸ்ட்ரீட் வரை அரை மணி நேரம், எனக்கு ஆறு பவுணுக்குள். அங்கிருந்து பன்னிரண்டு நிமிட நடை. அம்மாவுடன் என்றால் இருபத்தைந்து, ஏனென்றால் வழியிலுள்ள பழக்கடைகளில் எல்லாம் விலை கேட்கவேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நூலகத்துக்குள் சாப்பாடு, பேனா இரண்டும் கூடாது. பென்சில் கொண்டுபோங்கள். நாங்கள் மீன் றோல்ஸ் எட்டு கொண்டுபோனோம். அவை பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டன. மதியத்துக்குள் அந்தத் தாழ்வாரம் முழுக்க எங்கள் சமையலறை மணந்தது. பதிவு இலவசம், ஆனால் அடையாள அட்டையும் விலாசத்துக்கு ஒரு சான்றும் கேட்பார்கள்.

அங்கே உதவிக்கு வந்தவர் கணேசன் என்ற மலேசியத் தமிழர். படிக்க வந்து, கணக்காளராக இருந்து, ஓய்வுபெற்றபின் தொண்டராக அங்கே உட்காருகிறார். நான் மூன்று வாரம் முட்டி மோதிய கதையைச் சொன்னேன். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளிலும் பார்த்தேன் என்றதும் சிரித்தார். “அது 1950ஆம் வருசம் வரைக்கும்தான் வெளிய விட்டிருக்காங்க. உங்க மாமா அப்புறம் போனவரு. அதுல எப்படி லா கிடைப்பாரு?” பேச்சில் ‘லா’ சேர்க்கும் மலேசியப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பிறகு கேட்டார்: “என்ன பேரு போட்டுத் தேடுனீங்க?”

“குடும்பப் பெயர் சந்தியாப்பிள்ளை, முதல் பெயர் அருளப்பு.” சந்தியாப்பிள்ளை அம்மாவின் தகப்பன். லண்டனில் எந்த விண்ணப்பத்திலும் நாங்கள் அப்படித்தானே நிரப்புகிறோம்.

“ஊர் பாஸ்போர்ட்டுல அப்பா பேரு முன்னால இருந்திருக்கும். அமெரிக்காக்காரன் கடைசியில இருக்கறதைத்தான் குடும்பப் பேருன்னு எடுப்பான். திருப்பிப் போடுங்க. மரண அறிவித்தல் பக்கத்துல பாருங்க.”

திருப்பிப் போட்டேன். மூன்று வாரத்தில் வராதது ஒரு நிமிடத்தில் வந்தது. டெக்சாஸ், கால்வெஸ்டன் துறைமுகம். ஒரு மரணச்சடங்கு நிலையத்தின் இணையப்பக்கம். எண்பத்தைந்து வயதில், நான்கு வருடங்களுக்கு முன் காலமான திரு. அருளப்பு. படத்தில் தொப்பி வைத்த கிழவர் ஒருவர் பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அம்மா திரையில் விரல் வைத்து, தன் தகப்பனை நினைத்துச் சொன்னார்: “அப்புவின்ரை காது. அண்ணைதான்.”

 நான் ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மகள் ஒருத்தி இருக்கிறாள், பெயர் தெரேசா. மாமாவுக்கு முன்பே காலமானவர்கள்: தகப்பன், தாய், மனைவி, யாழ்ப்பாணத்தில் இருந்த அன்புத் தங்கை ரீற்றா.

ரீற்றா என் அம்மா.

 அம்மா சிரிக்கத் தொடங்கினார், நூலகமே திரும்பிப் பார்த்தது. “நான் இவ்வளவு காலமா அந்த மனுசனைச் சாகவிடாமல் வைச்சிருக்கிறன். அவர் என்னைப் புதைச்சே போட்டார்!” சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணேசனுக்கு நாலு றோல்ஸ் கொடுக்கச் சொன்னார்.

தேடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயரை இரண்டு பக்கமும் திருப்பித் தேடுங்கள். மாமா போல் பிந்திப் போனவர்களுக்கு மரண அறிவித்தல்கள், குடியுரிமைப் பதிவுகள், கல்லறைகளைப் படமெடுத்துப் போடும் தளங்கள் மூன்றும் போதும். கட்டணத் தளங்களுக்கு வீட்டிலிருந்து பணம் கட்டாதீர்கள், பல கவுன்சில் நூலகக் கணினிகளில் அவை இலவசம். மரண அறிவித்தலின் கீழே அனுதாபம் எழுத ஒரு பெட்டி இருக்கும். நான்கு வருடம் கழித்தும் அதில் எழுதலாம். அன்றிரவு வீட்டிலிருந்து நான் எழுதினேன்: “உங்கள் அத்தை ரீற்றா உயிரோடு இருக்கிறார். பக்கத்தில் இருந்து ஆரஞ்சுப்பழம் உரிக்கிறார்.”

வியாழக்கிழமை தெரேசாவின் பதில் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, அங்கே காலை பத்து, வீடியோவில் பேசினோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். ஊரில் கோவிலடியில் குண்டு விழுந்து தங்கையும் போய்விட்டாள் என்று யாரோ மாமாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் தன் கோவில் உறையில் ரீற்றாவின் பெயரை எழுதியிருக்கிறார். அவருக்குப் பிறகு மகள் எழுதுகிறாள். இந்த வருடத்து உறையையும் கொடுத்தாயிற்றாம்.

“மன்னிக்கவேண்டும் அத்தை. நாளைக்கே போய் உங்கள் பெயரை எடுத்துவிடுகிறேன்” என்றாள்.

நான் சொன்னதும் அம்மா தலையை ஆட்டினார். “வேண்டாம் எண்டு சொல்லு. அண்ணை எனக்காகச் சொன்ன மன்றாட்டு. அது நடக்கட்டும்.”

பிறகு மேசையில் இருந்த உறையை இழுத்து, பேனாவைத் திறந்து, வெறுமையாக இருந்த வரியில் அண்ணனின் பெயரை எழுதினார்.