புடலங்காய்க்குக் கட்டிய கல்

"கண்ணாடிக் கொட்டிலின்" கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து மோதும் அந்த வாசத்தை, தக்காளி இலையும் ஈரமண்ணும் குதிரை எருவும் வெயிலில் சேர்ந்து அவிந்த அந்த வெக்கை வாசத்தை, நினைத்த மாத்திரத்தில் இன்றைக்கும் என்னால் முகர முடியும். ரெய்னர்ஸ் லேனில் ரயில் பாதைக்குப் பின்னால் கவுன்சில் குத்தகைக்கு விட்டிருந்த துண்டு நிலங்களில் ஒன்று எங்களுடையது. மற்றவர்கள் அதை அலொட்மென்ட் என்றார்கள்; எங்கள் வீட்டில் அது "தோட்டம்". மார்ச்சில் அப்பா மண்ணைக் கொத்துவார், ஏப்ரலில் உருளைக்கிழங்கு தாழ்ப்பார், மே மாதம் முழுவதும் நத்தைகளோடு சண்டை பிடிப்பார், ஜூலை வந்தால் தண்ணீர்ப் பீப்பாவுக்கும் பாத்திக்குமாக நான் வாளியோடு ஓடுவேன். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் இருக்கவில்லை.

சொர்க்கத்திலும் ஒரு தகராறு இருந்தது. குளிர் தாங்காத செடிகளுக்கென்று நின்ற கொட்டில் ஒன்று, உரிமைக்காரர் இரண்டு பேர். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை செய்த அப்பாவுக்கு அதற்குள் தக்காளி வைக்க வேண்டும், அம்மாவுக்குப் புடலங்காய். கெஞ்சி வாங்கிய ஒரு மூலையில் இரண்டு கோடை அம்மாவின் கொடி படர்ந்தது, பூத்தது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மூன்றாவது வருடம் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சாரும், இதுதான் கடைசி. செப்டம்பர் ஷோவில உம்மட புடலங்காய் முதல் பரிசு எடுத்தால் கொட்டில் முழுக்க உமக்கு. இல்லையெண்டால் முழுக்கத் தக்காளி."

"ஓம், பாப்பம்," என்றார் அம்மா. அந்தக் குரலைக் கேட்ட எவரும் அவரோடு பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஷோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை, தோட்டக்காரர் எல்லோரும் விளைந்ததைக் கொண்டுவந்து வாசல் கொட்டகையில் மேசை போட்டு அடுக்குவார்கள். பரிசு ஒரு சிவப்பு அட்டையும் ஒரு டின் பிஸ்கட்டும். "மிக நீளமான மரக்கறி" என்ற பிரிவில் வருடா வருடம் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர் பக்கத்துத் துண்டு ஜோர்ஜ் அங்கிள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பெரிய லொள்ளுக்காரர். ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டுவைத்து, அதற்குள் மணல் நிரப்பி, கரட் வளர்ப்பார். அது எவ்வளவு நீளம் என்று இழுத்தெடுக்கும் வரை கடவுளுக்கும் தெரியாது.

அந்த வருடம் அம்மா என் பள்ளிக்கூடத்துப் பெயின்ட் பிரஷை எடுத்தார். பொழுதுபடுகிற நேரம் மலர்கிற அந்த வெள்ளைத் தும்புப் பூக்களில், ஆண்பூவின் பொடியைத் தொட்டுப் பெண்பூவில் தடவினார். ஒரு கிழமைக்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு பிஞ்சு நின்றது! நான் வேலிக்கு வேலி ஓடி, கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பிஞ்சு முழம் நீண்டதும் சுருளத் தொடங்க, அம்மா பழைய சேலைக்கரையைக் கிழித்து, சின்னக் கல்லொன்றை அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டார். அப்படிக் கட்டினால்தான் காய் சுருளாமல் நேரே இறங்கும். ஜோர்ஜ் அங்கிள் எட்டிப் பார்த்து, இந்தக் காய் அப்படி என்ன குற்றம் செய்தது, ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டார். பிறகு தன் குழாயைத் தட்டிக்காட்டிக் கண்ணடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பின் என் வாழ்க்கையே அளவுநாடாதான். மூன்றடி. மூன்றடி நாலங்குலம். மூன்றடி ஒன்பது. அப்பா தக்காளியைப் பார்க்கிற சாட்டில் கொட்டிலுக்குள் வந்து, "என்ன, நீளுதோ?" என்று அக்கறையில்லாதவர் மாதிரிக் கேட்பார். ஷோவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை நாடா நாலடி காட்டியது. ஆனால் அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அம்மா தோற்றுவிட்டால்? பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு சப்பாத்து நாடாவைக் கழற்றி, பாதையில் கிடந்த கல்லொன்றைப் பொறுக்கி, அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் கட்டினேன். ஒரேயொரு அங்குலம், பிள்ளையாரே, ஒரேயொரு அங்குலம்.

சனிக்கிழமை காலை அம்மாதான் முதலில் உள்ளே போனார். பின்னால் போன நான் அவருடைய முதுகைத்தான் கண்டேன், அது அசையவில்லை. காயின் கீழ்ப்பகுதி ஒரு முழம் ஒடிந்து நிலத்தில் கிடந்தது. எனக்கு உலகமே முடிந்துவிட்டது. "அம்மா, நான்தான் இன்னொரு கல்..." என்று சொல்லி முடிப்பதற்குள் ஓவென்று அழத் தொடங்கிவிட்டேன்.

அம்மா குனிந்து ஒடிந்த துண்டை எடுத்தார். "எடி பிள்ளை, நீ எத்தினை கட்டினனி?"

"ஒண்டு."

"அப்ப இதென்ன?"

பார்த்தேன். காயின் நுனியில் நாலு கல்! சேலைக்கரையில் அம்மாவின் கல். சப்பாத்து நாடாவில் என் கல். மூன்றாவது, விமான நிலையத்தில் பெட்டிகளுக்குப் போடுகிற நீல நைலோன் கயிற்றில். நாலாவது, ஜோர்ஜ் அங்கிள் தன் கொடிகளைக் கட்டுகிற பச்சை நூலில்.

அம்மா மெல்லத் திரும்பினார். வாசலில் நின்ற அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தக்காளிக்காரருக்கு என்ர புடலங்காயில என்ன அக்கறை?"

"இல்லையப்பா... ஒரு அங்குலம் கூடட்டும் எண்டு..." என்று இழுத்தார் அப்பா. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் இறங்கிக் கட்டினாராம். ஜோர்ஜ் அங்கிளைக் கூப்பிட்டுக் கேட்டால், மூன்று கல் தொங்குவதைக் கண்டு, ஷோவுக்கு முதல் நாள் அதிர்ஷ்டத்துக்கு ஆளுக்கொன்று கட்டுவதுதான் உங்கள் வழக்கமாக்கும் என்று தானும் ஒன்று கட்டினாராம்!

முதலில் சிரித்தது அம்மாதான். நாலு கல்லையும் கையில் ஏந்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிற்க ஏலாமல் பீப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பரிசு கிடைக்கவில்லை. ஒடிந்த காயை அளக்க ஏலாது என்று நடுவர் சொல்லிவிட்டார். ஜோர்ஜ் அங்கிளின் கரட் மூன்றடி ஏழங்குலம். மனிசன் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அட்டையை வாங்கிக்கொண்டு, அன்று பின்னேரமே எங்கள் வீட்டில் அந்தப் புடலங்காய் வறையை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். அடுத்த வசந்தம் அப்பா தக்காளிக் கன்றுகளைக் கொட்டிலுக்கு வெளியே, திறந்த வெளியில் நட்டார். பந்தயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வருட மழையில் அவ்வளவும் அழுகிப்போயின. அதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

அந்தத் துண்டு இப்போது என் பெயரில் இருக்கிறது. கண்ணாடிக் கொட்டில் ஒரு புயலில் நொறுங்கி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடாரம் நிற்கிறது. அந்த வாசம் அதற்குள் வருவதில்லை. ஜோர்ஜ் அங்கிள் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். முழங்கால் ஏலாத அம்மா கிங்ஸ்பரியில் இருந்துகொண்டு போனில் கேட்பார்: "கல் கட்டிட்டியே?" "ஓம் அம்மா, கட்டிட்டன்." சிவப்பு அட்டை எனக்கு இரண்டு தரம் கிடைத்துவிட்டது, என் காய்கள் ஒடிவதேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஷோ நாள் காலையிலும் கூடாரத்துக்குள் நுழைந்ததும், காயின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன் நான் கல்லைத்தான் எண்ணுகிறேன். ஒன்றுதான் இருக்கும்.