வாட்ச்காரர் நிமிர்த்திய இடுக்கிகள்

என் வீட்டுக்காரருக்கு ரத்தம் என்றால் ஆகாது. காய் நறுக்கும்போது என் விரலில் கத்தி பட்டால் துணி தேடி உள்ளே ஓடுவார். தேடிக்கொண்டே இருப்பார், திரும்பி வரமாட்டார். நானே கட்டுப் போட்டு முடித்த பிறகு அடுத்த அறையிலிருந்து, "நின்னுடுச்சா?" என்று குரல் மட்டும் வரும். அப்படிப்பட்ட மனிதர் முப்பத்தொரு வருஷம் கண் ஆபரேஷன் கருவிகளைப் பழுது பார்த்தார் என்றால் எங்களைத் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

எங்களுக்குக் கல்யாணமானபோது அவர் வாட்ச் ரிப்பேர்காரர். கடை என்று பேர்தான். ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்து அது. அவர் உள்ளே உட்கார்ந்துவிட்டால் வாட்ச் கொடுக்க வந்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். போட்டோ எடுக்கப் போகிறவர்கள் தடதடவென்று ஏறினால் மேலிருந்து தூசி உதிரும். அதற்காக ஒரு பழைய படுக்கை விரிப்பை மேஜைக்கு மேல் கூரை மாதிரி கட்டியிருந்தார்.

நான் மதியச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், இரண்டு தெரு தள்ளியிருந்த கண் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா அங்கே வந்தார். நல்ல உயரம். படிக்குக் கீழே குனிந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜையில் வைத்தார். விரல் நீளத்தில் ஓர் இடுக்கி. அதற்கு முனை என்று ஒன்று இருப்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இது கீழ விழுந்துடுச்சு. புதுசு வர நாலு மாசமாகும்ங்கிறாங்க. நிமித்த முடியுமா?"

இவர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யாரும்மா இத பல்லால கடிச்சது?"

"தரை" என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல்.

இவர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். தீப்பெட்டி அளவு பித்தளைக் கட்டையில் வைத்து, தட்டுகிறாரா தடவுகிறாரா என்று தெரியாதபடி தட்டினார். சாணைக்கல் பொடியை எண்ணெயில் குழைத்துத் தீக்குச்சியால் தொட்டுத் தேய்த்தார். டாக்டரம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், இவர் புறங்கையில் இருந்த ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். இவர் "ஸ்" என்றார்.

"பிடிக்குது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கிளம்பிப் போனார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. தையல் ஊசியைக் கவ்வும் கருவி, அமுக்கினால் வெட்டி விட்டால் தானே விரியும் குட்டிக் கத்திரி, ஆபரேஷன் முடியும்வரை இமையை விலக்கி நிறுத்தும் கம்பி. டாக்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இவருக்கு எல்லாமே இடுக்கி, கத்திரி, கொக்கி. ஸ்டோர் ஜன்னல் வழியாக சிஸ்டர் கொடுப்பார். ஜன்னல் வழியாகவே இவர் திருப்பிக் கொடுப்பார். அப்போதெல்லாம் அந்த ஜன்னலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் ஒரு எட்டு வைத்ததில்லை.

மூன்றாவது வருஷம் ஒரு சிக்கல் வந்தது. நூல் முடிச்சுப் போடுகிற இடுக்கி ஒன்றைச் சரிசெய்து அனுப்பினார். "நூல் நழுவுகிறது" என்று திரும்பி வந்தது. காகிதத்தைக் கவ்வ வைத்துப் பார்த்தார், தலைமுடியைக் கவ்வ வைத்துப் பார்த்தார். பிடி உடும்புப் பிடியாக இருந்தது. அப்படியே அனுப்பினார். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை டாக்டரம்மாவே கொண்டுவந்தார்.

"இடுக்கில குத்தமில்ல டாக்டரம்மா."

"அப்ப என் கையிலயா?"

இவர் முகத்தில் பதில் இருந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "நாளைக்குக் காலைல தியேட்டருக்கு வாங்க. வந்து பாத்துட்டு யார் மேல குத்தம்னு சொல்லுங்க" என்றார்.

மறுநாள் இவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. துணைக்கு நானும் போய் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பச்சை அங்கி, தலைக்கு உறை எல்லாம் போட்டுக்கொண்டு, சந்தைக்கு ஓட்டிப்போகிற ஆடு மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அரை மணி நேரம் ஆகியிருக்காது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் பெரிய கட்டு.

நான் பதறிப்போய் எழுந்தேன். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா. டாக்டர் கத்திய கையில எடுத்தாங்க, இவரு ஸ்டூல் மேல சாஞ்சுட்டாரு. மூணு தையல்" என்றார். பின்னாலேயே வந்த டாக்டரம்மா, "கண்ணைத் தவிர வேற இடத்துல தையல் போட்டுப் பல வருஷமாச்சு. கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்றார். அன்றைக்குத்தான் டாக்டரம்மா சிரித்து நான் முதன்முதலில் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரருடைய அக்கா, பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணி தைப்பவர், கட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணைப் பாக்கப் போனவன் மண்டைய உடைச்சுக்கிட்டு வந்திருக்கான். காதைப் பாக்கப் போயிருந்தா காலே போயிருக்கும்" என்றார். தெரு முழுக்க இதையே ஒரு வாரம் சொன்னார்.

தையல் பிரித்த மறுநாள் இவர் மறுபடியும் தியேட்டருக்குப் போனார். நான் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இந்தத் தடவை முதலிலேயே உட்கார வைத்து, மைக்ராஸ்கோப்பில் உதவி டாக்டர் பார்க்கிற துளையில் கண்ணை வைக்கச் சொன்னார்களாம். அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பிசைந்தபடியே எனக்குச் சொன்னார்:

"அதுல பாத்தா ரத்தம் ரத்தமாவே தெரியல. ஏதோ ஒரு பெரிய ஏரிக்கரை மாதிரி இருக்கு. நூல்னா நம்ம தலைமுடில பாதிகூட இல்ல. நான் கடையில மெதுவா அமுக்கிப் பாக்குறேன். அவங்க முடிச்சு இழுக்கும்போது இறுக்கிப் பிடிக்கிறாங்க. இறுக்கினா நுனி விலகுது. குத்தம் என்னோடதுதான்."

பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். "துணிக்குக் கீழ ஒரு பெரியவர் படுத்திருந்தாரு. கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். பாதியில அந்தத் துணிக்குள்ள இருந்து, 'அம்மா, ஒருதடவை இருமிக்கட்டுமா?'னு கேட்டாரு. டாக்டரம்மா ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாங்க. எல்லாரும் அப்படியே நின்னாங்க. அவரு நிதானமா இருமி, தொண்டையச் செருமிட்டு, 'ம், ஆகட்டும்'னாரு. அதுக்கப்புறம்தான் மறுபடி ஆரம்பிச்சாங்க. இத்தன நாளா இடுக்கிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்காருன்னே எனக்குத் தோணல பாரு."

அன்றிலிருந்து வேலை மாறியது. எந்தக் கருவியையும் நனைத்து, இறுக்கி, சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகே கொடுப்பார். அதற்கு மெல்லிய முடி வேண்டும். அக்காவின் முடி கயிறு, உதவாது. என்னுடையதுதான் தோதாக இருந்தது. தலைவாரி முடித்ததும் சீப்பு நேராக அவர் கைக்குப் போகும். சாப்பாட்டில் முடி கிடந்தால் ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் கோபப்படுவார்கள். இவர் எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எனக்கு முதல் நரை விழுந்தபோது நான் கண்ணாடி முன்னால் வருத்தமாக நின்றேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "கறுப்புத் துணி மேல வச்சா இது நல்லா தெரியுமே" என்று சந்தோஷப்பட்டார். கொஞ்ச காலத்தில் கடையில் வாட்சுகள் குறைந்தன. தெருவில் அவரை இடுக்கிக்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்கு அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கனமான துணியை மெஷினில் வேகமாக ஓட்டியபோது ஊசி ஒடிந்து, அதன் துணுக்கு கண்ணுக்குள் போய்விட்டது. அக்கா கத்தவில்லை. முகத்தை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, "தம்பி, என்னமோ உள்ள போயிடுச்சுடா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு எங்களை ஓரமாக அழைத்தார். "துணுக்கு தெரியுது. ஆனா போன ஓட்டை ரொம்பச் சின்னது. என்கிட்ட இருக்கிற எந்த இடுக்கியும் அதுல நுழையாது. ஓட்டையைப் பெரிசாக்கினா பார்வைக்கு ஆபத்து."

"எவ்வளவு மெல்லிசா வேணும்?"

"இப்ப இருக்கிறதுல பாதி."

"பழசு ஒண்ணு குடுங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

நானும் கடைக்கு ஓடினேன். என் கையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தேய்க்கும்போது முனை சூடேறினால் எஃகு இளகிப் பிடி போய்விடும். அதனால் ஐந்து இழைப்புக்கு ஒருதரம் தண்ணீரில் முக்குவார், தூக்குவார், லென்ஸில் பார்ப்பார். யாரோ படியில் ஏறினார்கள், யாரோ வாட்ச் தயாரா என்று கேட்டார்கள். அவர் நிமிரவே இல்லை. கை ஆடவில்லை.

இடுக்கியைச் சிஸ்டரிடம் கொடுத்து, கிருமி நீக்கக் கொதிகலனில் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அவர் கை நடுங்கத் தொடங்கியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"எப்படிங்க முடிஞ்சுது உங்களால?"

"அக்கான்னு நெனச்சிருந்தா கை ஓடிருக்காது. இருமினாரே அந்தப் பெரியவரு, அவருதான் உள்ள படுத்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன்."

துணுக்கு வெளியே வந்தது. கடுகில் கால்வாசி இருக்கும். பார்வையும் பெரும்பாலும் தப்பியது. தெருவில் வருகிறவர் யார் என்று அந்தக் கண்ணாலேயே அக்கா சொல்லிவிடுவார், ஆனால் ஊசிக்காது மட்டும் பிடிபடாமல் போயிற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி லென்ஸ் போட்டுக்கொண்டு போய், அந்த வாரத்துக்கு வேண்டிய ஊசிகளில் எல்லாம் நூல் கோத்து ஒரு பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்திவிட்டு வருவார். அக்கா அவருக்கு நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. "நீலம் கம்மியா கோத்திருக்கே" என்று குறை சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது.

அறுபத்தைந்து வயதில் அவரே வேலையை நிறுத்தினார். "இன்னிக்கு லென்ஸுல பாத்தேன், முனை துள்ளுது. துள்ளுறது இடுக்கியா கையான்னு மேஜையில வச்சுப் பாத்தேன். கைதான்" என்று, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். ஆஸ்பத்திரி அதற்குள் ஐந்து மாடியாகிவிட்டது. கருவிகளைப் பழுது பார்க்கத் தனி அறை, அதில் மூன்று பேர், பெரிய திரையில் முனையைக் காட்டும் மெஷின். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, "நம்மளவிட நல்லா பண்றாங்க" என்று வந்து சொன்னார். அதில் பொறாமை ஒரு துளி இல்லை.

அவர் போய் இது ஆறாவது வருஷம். அப்போது காரியமெல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா வந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், கையில் ஊன்றுகோல். டீ குடித்துக்கொண்டே வெகுநேரம் பேசினோம். கிளம்பும் சமயத்தில் கேட்டார்:

"காலைல அவரு வர்றது உங்களுக்குத் தெரியும்தானே?"

"எங்க வர்றது?"

"வார்டுக்குத்தான். ஆபரேஷன் ஆன மறுநாள் ஏழு மணிக்குக் கட்டுப் பிரிப்போம். அவரு கதவுக்குப் பின்னால வந்து நிப்பாரு. உள்ள வரமாட்டாரு, யார்கிட்டயும் பேசமாட்டாரு. ஒவ்வொருத்தரும் கண்ணைத் திறந்து, 'தெரியுது'ன்னு சொல்றதைக் கேட்டுட்டுப் போயிடுவாரு. வேலையை விட்டப்புறமும் வந்தாரு. கடைசி வாரம்கூட."

இத்தனை வருஷமும் காலையில் நடக்கப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல், சீவின தலை கலையாமல் திரும்பி வருவார். "இப்படி நடந்தா எப்படிங்க தொப்பை குறையும்? இன்னும் வேகமா நடங்க" என்று நான் தினமும் சொல்வேன். அவரும் தினமும், "நாளைக்கு நடக்கிறேன்" என்பார்.

டாக்டரம்மாவைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வரும்போது மெதுவாகத்தான் நடந்தேன்.